பொதுநோக்கு மண்டபத்துத் தராசு

அண்ணை ஊன்றுகோல் இரண்டையும் சுவரோடு சாத்திவிட்டு, என் தோளைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் தராசில் ஏறினார். 58 கிலோ. உயரம் ஏற்கெனவே அளந்திருந்தோம், 165 சென்ரிமீற்றர். என்னோடு வந்த பயிற்சிப் பிள்ளை உடற்திணிவுச் சுட்டியைக் கணக்குப் போட்டுப் பார்த்து, "21.3 மிஸ். பச்சைக் கட்டம். நிறை சரி" என்று சொல்லி, அட்டையிலும் அப்படியே எழுதிவிட்டாள்.

அது 2018 ஆவணி. கண்டாவளைப் பக்கத்துப் பொதுநோக்கு மண்டபம் ஒன்றில் நடமாடும் கிளினிக். அண்ணையின் இடக்கால் 2009 பங்குனியில் இடுப்புக்குக் கிட்ட எடுக்கப்பட்டது. ஒரு முழுக்கால், மனித உடம்பின் நிறையில் ஏறக்குறைய நூற்றுக்கு 16 பங்கு. அதையும் சேர்த்துப் பார்த்தால் அவருடைய 58 கிலோ, இரண்டு கால் உள்ளவரின் 69 கிலோவுக்குச் சமம். உடற்திணிவுச் சுட்டி 25 ஐத் தாண்டிவிடும். ஆசிய நாட்டவர்களுக்கு அந்தச் சுட்டி 23 ஐத் தொட்டாலே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொல்லிவிட்டது. அன்று காலை வெறுவயிற்றில் அவருடைய சீனி 187. 126 வந்தாலே நீரிழிவு என்று எடுப்போம்.

பிள்ளை எழுதியதை வெட்டிவிட்டு, வழக்கமாகக் கொடுக்கும் உணவுத் தாளைப் பையிலிருந்து எடுத்தேன். 'தினமும் 45 நிமிடம் வேகமாக நடக்கவும்' என்பதுதான் அதன் முதல் வரி. திரும்பவும் மடித்து உள்ளே வைத்தேன்.

முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் முப்பத்தைந்து வருடம் பொதுச் சுகாதார மருத்துவமாதாக வேலை பார்த்தவள் நான். 2023 இல் ஓய்வு பெற்றேன். அந்தத் தாளை எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பி, எழுத்துகள் பாதி அழிந்திருக்கும். காலையில் ஆடை நீக்கிய பால், பத்து மணிக்கு ஒரு அப்பிள், மதியம் அளவான சோறு, இரவுக்கு மரக்கறி சலாட். தருமபுரத்தில் கூலிக்குக் களை பிடுங்குகிற பெண்ணுக்கும் அதுதான், பரந்தன் சந்தியில் கடை வைத்திருக்கிறவருக்கும் அதுதான், வட்டுவாகலில் இறால் பிடிக்கிறவருக்கும் அதுதான். நிறை குறையாமல் திரும்பி வருகிறவர்களைப் பார்த்து, "நீங்கள் சொன்னபடி சாப்பிடேல்லை" என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பேச்சைத்தான் இப்போது மனம் பொறுக்கவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முரசுமோட்டையில் ஒரே ஒழுங்கையில் இரண்டு மச்சாள்மார். வயது நாற்பதை ஒட்டியது, இருவருக்கும் எழுபது கிலோவுக்கு மேல். ஒரே நாளில் அந்தத் தாளை வாங்கிப் போனார்கள். போட்டியாக இருக்கட்டும் என்று நான்தான் உசுப்பிவிட்டேன். நாலு மாதத்தில் மூத்தவவுக்கு ஏழு கிலோ குறைந்தது. இளையவவுக்கு அரைக் கிலோகூடக் குறையவில்லை. கண் கலங்கி நின்றவ, "அம்மாளாணை நான் களவாச் சாப்பிடேல்லை மிஸ்" என்றா. நான் நம்பவில்லை. அதன் பிறகு அவ கிளினிக்குக்கு வரவேயில்லை.

என் பெறாமகன் வைத்தியராக இருக்கிறான். ஓய்வு பெற்ற பிறகு அவனிடம் கேட்டுக் கேட்டு ஆய்வுகளை வாசிக்கத் தொடங்கினேன். அவன் எனக்கு முதலில் சொல்லித் தந்தது அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்ரோபர் கார்ட்னர் என்பவர் நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வு. 609 பேர். பாதிப் பேருக்குக் கொழுப்பைக் குறைத்த சாப்பாடு, மற்றப் பாதிக்கு மாப்பொருளைக் குறைத்த சாப்பாடு. இரண்டு பகுதியினருக்கும் பொதுவாகச் சொன்னது, சீனியையும் தீட்டிய மாவையும் விடுங்கள், மரக்கறியைக் கூட்டுங்கள் என்பது. ஒரு வருடம் முடிய நிறுத்துப் பார்த்தார்கள். சராசரியாக முதல் பகுதியினர் 5.3 கிலோ, இரண்டாம் பகுதியினர் 6 கிலோ குறைந்திருந்தார்கள். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆளாளாகப் பிரித்துப் பார்த்தபோது, ஒரே சாப்பாட்டு முறைக்குள்ளேயே சிலர் இருபத்தைந்து கிலோவுக்கு மேல் குறைந்திருந்தார்கள், சிலர் கூடியிருந்தார்கள். யாருக்கு எது பொருந்தும் என்று பரம்பரை அலகுகளை வைத்தும் இன்சுலின் சுரப்பை வைத்தும் முன்கூட்டியே சொல்ல முயன்று பார்த்தார்கள். முடியவில்லை. இதை வாசித்த இரவு அந்த இளைய மச்சாளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

அதற்கும் முந்திய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கனடாவின் கியூபெக்கில் குளோட் பூஷார் என்பவரின் குழு, ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் பன்னிரண்டு சோடியை ஓரிடத்தில் தங்கவைத்து, நூறு நாளில் எண்பத்து நாலு நாள் ஒவ்வொருவருக்கும் தேவைக்கு மேலே 1000 கலோரி ஊட்டியது. எங்கள் கணக்கில் சொன்னால் ஒரு றாத்தல் பாணுக்குச் சற்றுக் குறைவு. எல்லோருக்கும் ஒரே அளவு, ஒளிக்க மறைக்க வழியில்லை. 1990 இல் முடிவு வெளிவந்தது. ஒருவருக்கு நாலு கிலோவுக்குச் சற்று மேலே கூடியது, இன்னொருவருக்குப் பதின்மூன்று கிலோவுக்கு மேலே. ஆனால் ஒரு சோடிக்குள் அண்ணன் எவ்வளவு கூடினாரோ தம்பியும் ஏறக்குறைய அவ்வளவே கூடினார். மிஞ்சிய சாப்பாட்டைக் கொழுப்பாகச் சேர்ப்பதா, சூடாகவும் அசைவாகவும் செலவழிப்பதா என்கிற விடயத்தில் பிறப்பின் கை பெரிது என்று அதிலிருந்து விளங்கியது.

பிறப்பு மட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் ரிம் ஸ்பெக்ரர், சாரா பெரி ஆகியோரின் ஆய்வு 2020 இல் வந்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர், அவர்களில் பலர் இரட்டையர். ஒரே காலைச் சாப்பாட்டைக் கொடுத்து, அதன் பின் குருதியில் சீனியும் கொழுப்பும் எப்படி ஏறுகின்றன என்று பார்த்தார்கள். ஒரே கருவில் பிரிந்தவர்களிடையேகூட ஏற்றம் வேறு வேறாக இருந்தது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சாப்பிட்ட நேரம், முதல் நாள் நித்திரை என்று எத்தனையோ விடயங்கள் அதற்குள் கலந்திருக்கின்றன. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 2015 இல் 800 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒருவருக்கு வாழைப்பழம் சீனியைக் கிடுகிடுவென்று ஏற்றியது, பிஸ்கற் ஏற்றவில்லை. இன்னொருவருக்கு நேர்மாறு.

நிறையைக் குறைக்க வேண்டுமானால் உள்ளே போவது செலவழிவதைவிடக் குறைய வேண்டும். இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கணக்கை ஒவ்வோர் உடம்பும் எப்படிப் போடுகிறது, ஒவ்வொரு வீட்டிலும் அதை எப்படிப் போட முடியும் என்பதில்தான் ஒரே தாள் தோற்றுப்போகிறது.

தெற்காசியரான நாங்கள் ஏன் மெல்லியவர்களாக இருந்தும் சீனி வருத்தக்காரராகிறோம் என்ற கேள்விக்குப் பூனேயில் ஒரு விடை கிடைத்தது. அங்கே கே.இ.எம். வைத்தியசாலையில் சித்தரஞ்சன் யாக்னிக் என்ற வைத்தியர். அவரும் ஜோன் யட்கின் என்ற இங்கிலாந்து வைத்தியரும் 2004 இல் ஒரு மருத்துவ ஏட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் தங்கள் படத்தைப் போட்டார்கள். இருவருடைய உடற்திணிவுச் சுட்டியும் ஒன்றே, 22.3. உடம்பின் கொழுப்பை அளந்தால் யட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாக்னிக்குக்கு 21.2. தராசு ஒரே பொய்யை இரண்டு பேருக்கும் சொல்லியிருக்கிறது.

அந்தக் கொழுப்பு எப்போது வந்து சேர்ந்தது என்று தேடிப் போன யாக்னிக், கடைசியில் என்னைப் போன்ற மருத்துவமாதுகளின் கைக்கே வந்து சேர்ந்தார். பிறந்த குழந்தைகளிடம். பூனேயில் பிறந்த பிள்ளையின் சராசரி நிறை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ரனில் 3.5. எங்கள் பிள்ளைகளுக்குத் தசை குறைவு, உள்ளுறுப்புகள் சிறிது. தோலுக்குக் கீழே கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த உடம்புக்குள் கொழுத்த பிள்ளை. முப்பத்தைந்து வருடமாகத் தொங்கு தராசில் போட்டு 2.4, 2.6, 2.3 என்று எழுதிக்கொண்டிருந்தவளுக்கு, அந்த எண்கள் ஐம்பது வயதிலும் பேசும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

இது தெளிவாக விளங்கியதும் இப்படியான பதிவேடுகளால்தான். இங்கிலாந்தின் ஹேற்போட்சயரில் எதெல் மார்கரெற் பேர்ன்சைட் என்ற அம்மையார், 1911 தொடக்கம் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையின் நிறையையும் ஒரு வயதில் உள்ள நிறையையும் தாதியரைக் கொண்டு பேரேட்டில் எழுதுவித்தார். எழுபது எண்பது வருடம் கழித்து டேவிட் பார்க்கர் என்ற வைத்தியர் அந்தப் பேரேடுகளைத் தேடி எடுத்து, அதே ஆட்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். சிறு நிறையோடு வளர்ந்த ஆண் பிள்ளைகள் பிற்காலத்தில் இருதய நோயால் கூடுதலாக இறந்திருந்தார்கள். 1989 இல் அதை எழுதினார். வயிற்றில் இருக்கும்போது பட்டினியைக் கண்ட உடம்பு, இனியும் பட்டினிதான் என்று நம்பி, கிடைப்பதைச் சேமிக்கும் பழக்கத்தோடு வெளியே வருகிறது. பிறகு சாப்பாடு தாராளமாகக் கிடைத்தால் அந்தப் பழக்கமே அதற்குப் பகையாகிறது.

போர்ப் பட்டினி இதைக் கொடூரமாக உறுதிப்படுத்தியது. 1944–45 குளிர்காலத்தில் ஜேர்மன் படை தடை போட்டதால் ஒல்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அந்த மாதங்களில் தாய் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோது, அவர்களின் உடம்பு சீனியைக் கையாளத் திணறியது. நைஜீரியாவில் பியாபிரா யுத்தம் 1967 இலிருந்து 1970 வரை. அப்போது பிறந்தவர்களை நாற்பது வயதில் எனுகு நகரில் பார்த்தார்கள், 2010 இல் முடிவு வந்தது. குருதி அமுக்கம், சீனி, அளவு மிஞ்சிய நிறை மூன்றும் யுத்தத்துக்குப் பிறகு பிறந்தவர்களைவிட அவர்களிடம் கூட.

நான் சொல்ல வருவது வாசிக்கிறவர்களுக்கு விளங்கியிருக்கும். எங்கள் யுத்தத்தின் கடைசி மாதங்களில், 2009 மாசியில், பங்குனியில், சித்திரையில், புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தறப்பாளுக்குக் கீழே வயிற்றுப் பிள்ளைகளோடு இருந்த தாய்மாரை எனக்குத் தெரியும். அரிசியும் உப்பும் தண்ணியும் சேர்ந்த கஞ்சி ஒரு சிரட்டை கிடைத்த நாள் நல்ல நாள். அதன் பிறகு செட்டிக்குளம் முகாம்கள். மீள்குடியேற்றத்தில் நிவாரண அட்டைக்கு அரிசி, கோதுமைமா, பருப்பு, எண்ணெய், சீனி. பட்டினி கிடந்த உடம்புகளுக்கு மாவும் சீனியும் ஒரே நேரத்தில் வந்தன. பிறகு வீதி போட்டார்கள், மோட்டார் சைக்கிள் வந்தது, வயலுக்கு வெட்டு மெசின் வந்தது. பத்துப் பேர் பத்து நாள் குனிந்து அரிவு வெட்டிய வயல் ஒரு பொழுதில் முடிந்துபோகிறது. கிணற்றடியில் தண்ணி அள்ளிய கை மோட்டர் சுவிச்சைத் தட்டுகிறது. கஷ்டம் குறைந்தது நல்லது, அதை யாரும் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் சோற்றுக் கோப்பையின் அளவு மட்டும் அரிவு வெட்டிய காலத்து அளவாகவே இருக்கிறது.

2005–06 இல் இலங்கை முழுவதுக்குமான நீரிழிவு ஆய்வு என்று ஒன்று நடந்தது. இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று கண்டது அதுதான். ஒன்பது மாகாணத்தில் ஏழில் மட்டும் நடந்த ஆய்வு அது. யுத்தத்தால் வடக்கும் கிழக்கும் கணக்கில் இல்லை. அதன் பின் 2018–19 இல் நடந்த ஆய்வு நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு நீரிழிவு என்றது. பத்தில் ஒன்று நாலில் ஒன்றாகிய அந்தப் பதின்மூன்று வருடத்தில் எங்கள் உடம்புகள் பட்டதை எந்தத் தாளும் கேட்டதில்லை.

கைத்தொலைபேசி வந்த பிறகு இன்னொரு விடயமும் நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் கனடாவிலிருந்தும் டயற் வீடியோக்கள் வருகின்றன. பேலியோ, கீற்றோ, பதினாறு மணித்தியாலப் பட்டினி. அனுப்புகிறவர் பொய் சொல்வதில்லை. அவருக்கு உண்மையிலேயே குறைந்திருக்கும். புளியம்பொக்கணைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ரொறன்ரோவில் இருக்கும் தம்பி அப்படி ஒன்றை அனுப்பினார். தம்பி பன்னிரண்டு கிலோ குறைந்திருந்தார். இவர் காலைச் சாப்பாட்டை விட்டார், சோற்றை விட்டார். கிளிக்லசைட் குளிசையை மட்டும் விடவில்லை, கிளினிக்கில் தந்தது என்று ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வரம்பில் விழுந்து கிடந்தார். சீனி 41. அந்தக் குளிசை கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. சாப்பாடு வராவிட்டாலும் சுரக்க வைக்கும். மெற்போமின் மட்டும் போடுகிறவர்களுக்கு இப்படி வருவது அரிது. ஒரே டயற்றை ஒரே வீட்டில் இரண்டு பேர் பிடித்து, ஒருவர் நலமாகவும் மற்றவர் வைத்தியசாலையிலும் இருப்பதற்கு இந்த ஒரு குளிசை போதும்.

பட்டினியைப் போலவே குறைந்த உணவால் நீரிழிவைத் தணிக்கலாம் என்பதும் உண்மைதான். பிரித்தானியாவில் ரோய் ரெய்லர், மைக் லீன் என்ற இருவர் நடத்திய ஆய்வு 2017 இல் வந்தது. நீரிழிவு தொடங்கி ஆறு வருடத்துக்குள் உள்ளவர்கள், இன்சுலின் போடாதவர்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி, மூன்று முதல் ஐந்து மாதம். ஒரு வருட முடிவில் நூற்றுக்கு 46 பேருக்குக் குளிசையே இல்லாமல் சீனி இறங்கி நின்றது. 15 கிலோவுக்கு மேல் குறைந்தவர்களிடையே நூற்றுக்கு 86 பேர். ஆனால் முதல் நாளே நீரிழிவுக் குளிசையை வைத்தியர்கள் நிறுத்தினார்கள், அடிக்கடி கூப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தப் பகுதி வீடியோவில் வருவதில்லை.

வவுனியாவில் இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. செட்டிக்குளம் பக்கம், முல்லைத்தீவில் வெலிஓயாப் பக்கம், காரணம் இன்னும் சரிவரத் தெரியாத சிறுநீரக நோய் உள்ளவர்கள் பலர். அவர்களுக்கு முட்டையும் இறைச்சியுமாகப் புரதத்தைக் குவிக்கிற டயற் ஆபத்து. அது மட்டுமில்லை. கீரையும் இளநீரும் வாழைப்பழமும் நல்லது என்று நாங்கள் எல்லோருக்கும் சொல்கிறோமே, சிறுநீரகம் பழுதானவருக்குப் பொற்றாசியம் குருதியில் தேங்கினால் அதே இளநீர் இருதயத்தை நிறுத்தக்கூடும். அப்படியானவர்களுக்கு மரக்கறியைக் கூடுதல் தண்ணியில் அவித்து, தண்ணியை வடித்து ஊற்றிவிட்டுச் சமைக்கச் சொல்வோம். அதே வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் இருந்தால் முருங்கையிலை வறையைக் கூட்டிச் சாப்பிடச் சொல்வோம். ஒரே அடுப்பு, இரண்டு புத்தி.

மெலிந்தவர்களின் கதை இன்னொன்று. எலும்பும் தோலுமாக இருக்கிறவருக்குச் சீனி வந்தால், 'சோற்றைக் குறையுங்கோ' என்ற அதே தாளைக் கொடுத்து இன்னும் மெலிய வைத்திருக்கிறோம். சிறு வயதில் போதிய சாப்பாடு இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு இன்சுலின் சுரப்பே குறைந்து வரும் ஒரு வகை நீரிழிவு உண்டு என்பதை வேலூர் சீ.எம்.சி. வைத்தியர்களும் அமெரிக்க வைத்தியர்களும் 2022 இல் அளந்து காட்டினார்கள். 2025 சித்திரையில் பாங்கொக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் அதற்கு ஐந்தாம் வகை என்று பெயர் கொடுத்தது. வன்னியில் யாருக்கு அது என்று சொல்ல நான் வைத்தியர் இல்லை. ஆனால் மெலிந்த ஒருவர் தாளைக் கேட்டு வந்தால், முதலில் வைத்தியரிடம் அனுப்புங்கள் என்று என்னோடு வேலை செய்த பிள்ளைகளுக்கு இப்போதும் தொலைபேசியில் சொல்கிறேன்.

எங்கள் சாப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். பூநகரி மொட்டைக்கறுப்பன் சோற்றுக்கு நிகர் எனக்கு வேறில்லை. குரக்கன் பிட்டும் ஒடியற் கூழும் நல்ல சாப்பாடு. ஆனால் 'சிவப்பரிசிதானே' என்று இரண்டு கோப்பை சாப்பிட்டவரின் சீனி, ஒரு கோப்பை வெள்ளையரிசி சாப்பிட்டவரைவிட ஏறி நிற்கும். பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடித்தால் சீனி இல்லை என்று நினைக்கிறவர்கள் அநேகம், பனங்கட்டியும் சீனிதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேராசிரியர் வசந்தி அரசரத்தினமும் அவரோடு சேர்ந்தவர்களும் எங்கள் சோற்றையும் பிட்டையுமே எடுத்து, அவற்றோடு சேரும் கறிகள் சீனி ஏற்றத்தை எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்ந்திருக்கிறார்கள். அப்பிளைப் பற்றிய தாளை மொழிபெயர்ப்பதைவிட இப்படியான வேலைக்குத்தான் நாங்கள் காசும் ஆளும் கொடுக்க வேண்டும்.

கடைசிச் சில வருடங்கள் தாளைக் கொடுக்க முன் கதிரையைப் போட்டு இருத்திக் கேட்டேன். எத்தனை மணிக்கு எழும்புவீர்கள், யார் சமைக்கிறது, முதல் வாய் சாப்பாடு எப்போது, என்ன குளிசை, பிறந்தபோது எத்தனை கிலோ என்று அம்மா சொன்னவவா. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளை ஒன்று காலை ஐந்து மணிக்கு பஸ் ஏறுகிறது. பத்து மணி அப்பிள் அந்தப் பிள்ளைக்கு எங்கே? வெறுவயிற்றில் போய், இடைவேளையில் பணிசும் சீனி போட்ட தேத்தண்ணியும். தாயோடு பேசினோம். தாய் இரவே கௌபி அவித்து வைத்தா, கொஞ்சம் கச்சான். ஆறு மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது. தாளில் கௌபி என்ற சொல்லே இல்லை.

அந்த அண்ணையிடமும் அன்று மண்டபத்தில் அப்படித்தான் கேட்டேன். வீட்டு வாசலில் சின்னக் கடை, நாள் முழுக்க இருந்த இருப்பு. சோறு அளவாகத்தான் சாப்பிடுகிறார். "பிளேன்ரீ மட்டும் குடிப்பன் மிஸ், ஆக்கள் வந்தாச் சேந்து குடிக்கிறதுதானே" என்றார். எண்ணிப் பார்த்தோம். ஒரு நாளைக்கு எட்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி. ஏறக்குறைய 80 கிராம். தாள் சோற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, சீனி தேத்தண்ணிக்குள்ளால் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மூன்றாகக் குறைத்தார், சீனியும் அரைக் கரண்டி. நடக்க முடியாதவருக்குக் கை இருக்கிறதே. தண்ணிப் போத்தல் இரண்டை நிரப்பி, கதிரையில் இருந்தபடியே தூக்கிப் பழகினார். வைத்தியர் மெற்போமின் கொடுத்தார். அடுத்த வருடம் 54 கிலோ, சீனி 130 க்குள். அவருடைய அட்டையின் மூலையில் பெரிதாக எழுதி வைத்தேன்: இடக்கால் இல்லை, நிறையைத் திருத்திக் கணிக்கவும்.

இளைய மச்சாளைத் தேடிப் போனேன், ஓய்வு பெற்ற பிறகு. முற்றத்தில் நின்று, "நீர் அண்டைக்குச் சொன்னது உண்மை, நான்தான் நம்பேல்லை" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தா. நிறை இன்னும் குறையவில்லை. ஆனால் பிறசரும் சீனியும் சரியாக இருக்கின்றன, தோட்டம் செய்கிறா. அவவுடைய உடம்புக்கு அது போதும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

பேர்ன்சைட் அம்மையாரின் பேரேடுகள் எழுபது வருடம் அலுமாரியில் இருந்தன. என்னுடைய பதிவேடுகள் 2009 இல் இரணைப்பாலையில் ஒரு பதுங்குகுழியோடு மண்ணுக்குள் போய்விட்டன. அதற்குள் இருந்த நிறைகள் இனித் தாய்மாரின் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன.

2009 தை தொடக்கம் 2010 மாசி வரை எங்கள் பகுதித் தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு 2025 இல் பதினைந்து, பதினாறு வயது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், பிறந்தபோது எத்தனை கிலோ என்று தாயிடமோ அம்மம்மாவிடமோ இன்றைக்கே கேட்டு, ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை நிறையை மட்டும் பார்க்காமல் இடுப்புச் சுற்றளவையும் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். முப்பது வயது வரட்டும் என்று காத்திருக்காமல் சீனியைச் சோதிப்பியுங்கள். பிள்ளை கிளினிக்குக்குப் போகிற நாளில் அந்தக் கொப்பியையும் கையில் கொடுத்து விடுங்கள்.